மின்னதிர்ச்சி: உடலுக்கு நேர்வதும் பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டியதும்

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் மனித உடலினூடாக நிலத்துக்கு இறங்கும்போது மூன்று வழியில் சேதம் செய்கிறது. தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது, போகிற வழியில் உள்ள இழையங்களைச் சூடேற்றி எரிக்கிறது. முதல் இரண்டும் விநாடிக் கணக்கில் நடந்துவிடும். எரிவின் முழு அளவு தெரிய நாட்கள் ஆகலாம். கரண்ட் அடித்தது என்று ஊரில் சொல்லப்படும் விபத்துகளில் உயிர் போவது பெரும்பாலும் இரண்டாவதால், அதாவது இதயம் நின்றுபோவதால். வெளியே ஒரு காயமும் தெரியாமல் ஆள் விழுந்து கிடப்பது அதனால்தான்.

உடலினூடாக எவ்வளவு பாய்கிறது

ஆபத்தைத் தீர்மானிப்பவை மூன்று: பாயும் மின்னோட்டத்தின் அளவு, அது போகும் வழி, போகும் நேரம். வீட்டு மின்சாரத்தில் அளவுகள் ஏறத்தாழ இப்படி அமையும்.

- 1 மில்லியம்பியர் வரை: விரலில் கூச்சம்.
- 10 மில்லியம்பியரை அண்டி: உள்ளங்கை மூடிக்கொள்ளும். பிடித்த வயரை விட நினைத்தாலும் கை விடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டல்சியல் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொண்டர்களை வைத்துச் செய்த சோதனைகளில், கையை விடக்கூடிய சராசரி எல்லை ஆண்களுக்கு 16 மில்லியம்பியராகவும் பெண்களுக்கு 10.5 ஆகவும் இருந்தது. சிறுவர்களுக்கு அதிலும் குறைவு என்றே கொள்ள வேண்டும்.
- 20 முதல் 30 வரை: நெஞ்சுத் தசைகள் இறுகி மூச்சு நிற்கலாம்.
- 30க்கு மேல், ஒரு விநாடி அளவு நீடித்தால்: இதயம் துடிப்பை விட்டு நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. 100ஐத் தாண்டினால் இதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

பழைய 40 வாட் குமிழ் ஒன்று எரிய எடுப்பது சுமார் 170 மில்லியம்பியர். ஒரு மங்கல் வெளிச்சத்துக்குப் போகும் மின்னோட்டமே ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

தோலின் தடை அடுத்த கணக்கு. காய்ந்து தடித்த கையின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். அதே கை வியர்வையிலோ உப்புத் தண்ணீரிலோ நனைந்தால், உடலின் மொத்தத் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தடை 50,000 ஓம் என்றால் 230 வோல்டில் பாய்வது 5 மில்லியம்பியருக்கும் குறைவு. 1,000 ஓம் என்றால் 230 மில்லியம்பியர். நேற்றுச் சுள்ளென்று மட்டும் அடித்த அதே மோட்டர் இன்று ஆளைக் கொல்வது இப்படித்தான். "இது எப்பவும் கொஞ்சம் அடிக்கும், ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தச் சாதனத்தை அன்றே கழற்றி வைக்க வேண்டும். சுள்ளென்று அடிப்பது கடைசி எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

வழியைப் பொறுத்தவரை, ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கும், கையிலிருந்து காலுக்கும் போகும் மின்சாரம் நெஞ்சைக் கடந்தே போகிறது. மின்சார வேலை தெரிந்த பழைய ஆட்கள் இடக்கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சோதிப்பதற்கு நல்ல காரணம் உண்டு.

கிண்ணியா வளவுகளில் ஆபத்து கூடும் இடங்கள்

கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் நடுவில் கிடக்கும் கிண்ணியாவில் காற்றிலேயே உப்பு உண்டு. சொக்கட்டின் பித்தளைத் தகடு பச்சை பூக்கும், ஹோல்டர் துருப்பிடிக்கும், வெளிச்சுவரில் அடித்த சுவிட்சின் ஆணி இற்றுப்போகும். உப்புப் படிந்த பிளாஸ்டிக்கின் மேல் மாரிக்காலத்து ஈரம் சேர்ந்தால், அந்தப் படலமே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும்.

*கிணற்று மோட்டர்.* வீட்டு விபத்துக்கான எல்லா நிபந்தனைகளும் ஒன்றுசேரும் இடம் கிணற்றடி. ஈரக் கை, வெறுங்கால், நனைந்த சீமெந்து, இரும்பு உடல், வெயிலிலும் மழையிலும் கிடந்து வெடித்த வயர். மோட்டரின் சுருள் கம்பியின் காப்பு கெட்டால் இரும்பு உடலுக்கு மின்சாரம் வரும். எர்த் வயர் இருந்தால் போதும், ஃபியூஸ் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். மணல் நிலத்தில் இந்த நம்பிக்கை பொய்க்கும். காய்ந்த மணலில் இறக்கிய எர்த் கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதனூடாகப் பாயக்கூடியது 2.3 அம்பியர் மட்டுமே. 5 அம்பியர் ஃபியூஸும் போகாது, 16 அம்பியர் பிரேக்கரும் விழாது. மோட்டரின் உடல் 230 வோல்டுக்குக் கிட்டிய நிலையில் அப்படியே நிற்கும். அதைத் துண்டிக்கக்கூடியது, மின்கசிவைக் கண்டு விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதற்காக எர்த் வேண்டாம் என்று ஆகாது. எர்த் இருந்தால், கசிவு தொடங்கிய உடனே ட்ரிப் விழும். எர்த் இல்லையென்றால், யாராவது தொடும்வரை அது காத்திருக்கும்.

*உடுப்புக் கொடி.* இரும்புக் கம்பியைத் தகரக் கூரையின் மரத்தில் கட்டி, மறுமுனையைத் தென்னையில் கட்டுவது வழக்கம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரின் உறை வெடித்துத் தகரத்தில் உரசினால் கூரை, கொடி, நனைந்த உடுப்பு எல்லாவற்றிலும் மின்சாரம் இருக்கும். அந்த வயர் மெயின் சுவிட்சுக்கு முன்னால் இருப்பதால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் இதைக் காணாது. கொடிக்கு நைலோன் கயிறு போதும். செலவும் குறைவு.

*கல்யாண வீடு, பெருநாள் அலங்காரம்.* சீரியல் பல்ப் மாலைகள் மெல்லிய வயரில் வருபவை. அவற்றை இரும்புக் கேற்றிலும் தகரப் பந்தலிலும் சுற்றுவதும், இணைப்பை நிலத்தில் விட்டுப் பாய் போட்டு மூடுவதும் வழக்கமான பிழைகள். மாலையை மரத்திலோ கயிற்றிலோ கட்ட வேண்டும். இணைப்பு ஆள் உயரத்துக்கு மேலே, மழை படாமல் இருக்க வேண்டும்.

*கொக்கைத்தடியும் குழாயும்.* தேங்காயும் மாங்காயும் பறிக்க அலுமினியத் தடி வந்த பிறகு, மரத்தினூடாகப் போகும் வயரில் தடி படுவது எளிதாகிவிட்டது. தொலைக்காட்சி அன்ரெனாக் குழாயை நிமிர்த்துவதும் இதே வகை. தடியின் நீளத்தோடு இன்னொரு 3 மீற்றர் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த எல்லைக்குள் கம்பி இருந்தால் அந்த மரத்தில் பறிக்கவே கூடாது.

> குறிப்பு: குமிழ் அணைந்திருப்பதால் ஹோல்டரில் மின்சாரம் இல்லை என்று கொள்ள முடியாது. வயரிங் செய்தவர் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தால், அணைந்த குமிழின் ஹோல்டரிலும் 230 வோல்ட் இருக்கும். குமிழ் மாற்றுவதற்கும் மெயினை இறக்குவதே ஒழுங்கு.

ட்ரிப் சுவிட்ச்: மாதம் ஒருமுறைச் சோதனை

ட்ரிப் சுவிட்ச் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையில் வேறுபாடு வந்தால், ஏதோ ஒரு பங்கு உடலினூடாகவோ சுவரினூடாகவோ நிலத்துக்குப் போகிறது என்று பொருள். உடனே துண்டிக்கும். உயிர் காக்க 30 மில்லியம்பியர் வகை வேண்டும். அதன் முகப்பில் 30 மில்லியம்பியர் என்றோ 0.03 அம்பியர் என்றோ அச்சிட்டிருக்கும். பழைய வீடுகளில் 100 அல்லது 300 என்று போட்ட சுவிட்ச் இருந்தால், அது தீயைத் தடுக்க உதவலாம். ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

சோதிக்கும் வரிசை:

1. கணினி, தொலைக்காட்சி போன்றவற்றை முதலில் அணைக்க வேண்டும்.
2. ட்ரிப் சுவிட்சின் முகத்தில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும்.
3. சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். வீடு முழுக்க மின்சாரம் போக வேண்டும்.
4. விழுந்தால், மீண்டும் மேலே ஏற்றிவிடலாம்.
5. விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் கெட்டுவிட்டது. அனுமதி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு மாற்ற வேண்டும். மாற்றும்வரை கிணற்று மோட்டரைப் பாவிக்கக் கூடாது.

கடலோரத்தில் ஆண்டுக் கணக்கில் அசையாமல் கிடக்கும் சுவிட்சின் உள்ளே துரு ஏறி இறுகுவது சாதாரணம். மாதம் ஒருமுறை அழுத்துவது சோதனையாக மட்டும் இல்லாமல், அதை அசைத்து வைத்திருக்கவும் உதவுகிறது.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேரே வயர் கொடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் செய்யக்கூடிய மின்சாரப் பிழைகளில் இதைவிடப் பெரியது இல்லை. விழுந்துகொண்டே இருந்தால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்தச் சாதனத்தைப் போடும்போது விழுகிறது என்பது தெரியும். பெரும்பாலும் மோட்டர், அயன், கேத்தல் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இந்தச் சுவிட்சுக்கும் எல்லை உண்டு. காய்ந்த பலகையில் நிற்கும் ஒருவர் ஒரு கையால் உயிர்க் கம்பியையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் அவர் உடல் ஒரு குமிழைப் போலவே அதற்குத் தெரியும். அது விழாது. சிறிய ஜெனரேட்டரில் ஓடும்போதும், எர்த் ஒழுங்காகச் செய்யப்படாவிட்டால், அது வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் நாடெங்கும் வீட்டு ஜெனரேட்டர்கள் பெருகின. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சொக்கட்டில் இணைப்பது கொலைக்குச் சமம். மின்சாரம் வயர் வழியே கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்போர்மரில் பல்லாயிரம் வோல்டாக உயர்ந்து, லைன் நிறுத்தப்பட்டது என்று நம்பி வேலை செய்யும் மின்சார சபை ஊழியரைத் தாக்கும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்கக் கூடாது. தேவையான சாதனத்தை ஜெனரேட்டரிலேயே நேரே பிளக் செய்யலாம்.

ஒருவரை மின்சாரம் பிடித்திருக்கும்போது

ஒரு வீட்டில் இரண்டு சாவு விழுவது இந்த இடத்தில்தான். விழுந்தவரை ஓடிப்போய்ப் பிடிப்பவருக்கும் அதே மின்சாரம் பாயும். கத்திவிட்டு நிற்பதே முதல் வேலை.

1. நின்று பார்க்க வேண்டும். வயர் எங்கே, தண்ணீர் எங்கே, கம்பி எங்கே என்று கவனிக்க இரண்டு விநாடி போதும். மற்றவர்களை, குறிப்பாகப் பிள்ளைகளை, சத்தமிட்டுத் தடுக்க வேண்டும்.
2. மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், அல்லது கைக்கு எட்டும் காய்ந்த பிளக்கைக் கழற்ற வேண்டும். சாதனத்தின் சொந்தச் சுவிட்சை அணைப்பது போதாது.
3. மெயின் சுவிட்ச் தொலைவிலோ பூட்டிய அறையிலோ இருந்தால், காய்ந்த பலகை, தடித்த றப்பர் பாய், அடுக்கிய பத்திரிகை என்று எதன் மேலாவது ஏறி நின்று, காய்ந்த மரத்தடியால் அல்லது பிளாஸ்டிக் கதிரையால் வயரை ஆளிடமிருந்து தள்ள வேண்டும். வயரைத் தள்ள முடியாவிட்டால் ஆளைத் தள்ள வேண்டும். ஈர மரம், பச்சைக் கொப்பு, உலோகம் கலந்த தும்புத்தடி ஆகியவை ஆகாது.
4. ஆள் ஏணியிலோ கூரையிலோ இருந்தால், மின்சாரத்தை நிறுத்தியவுடன் தசை தளர்ந்து கீழே விழுவார். நிறுத்த முன் கீழே மெத்தை, வைக்கோல் ஏதாவது இழுத்துப் போட வழியிருந்தால் நல்லது. அதற்காக நேரத்தைக் கடத்தக் கூடாது.
5. ஆள் கிணற்றுக்குள் இருந்தால் மெயினை இறக்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே எஞ்சின் பம்ப் ஓடியிருந்தால் நச்சுப் புகையும் இருக்கும்.
6. மின்சாரம் நின்றது உறுதியானவுடன் ஆளைத் தொடலாம். உடலில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. ஈர மண்ணில் கிடத்தினால் மிச்ச கரண்ட் இறங்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. கிடத்த எடுக்கும் நேரம் மட்டும் வீணாகும்.
7. ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சேவை இலவசம். கம்பத்து வயர் அறுந்தது என்றால் இன்னொருவர் மின்சார சபையின் 1987ஐ அழைக்க வேண்டும்.

> எச்சரிக்கை: றப்பர்ச் செருப்பு கவசமாகாது. தேய்ந்த அடி, ஆணி குத்திய துளை, உப்புத் தண்ணீர் ஊறிய பட்டி இவற்றில் எதுவாவது இருந்தால் அது இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

மூச்சு இல்லையென்றால்

மூளைக்கு இரத்தம் போகாமல் 4 முதல் 6 நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போக நோயாளியும் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று வீதி உண்டு, கிண்ணியாவிலேயே தள வைத்தியசாலையும் உண்டு. அப்படியிருந்தும் அந்த முதல் நிமிடங்களுக்குள் எந்த வாகனமும் வந்து சேராது. அந்த இடைவெளியை நிரப்புவது பக்கத்தில் நிற்பவரின் கைகள்.

1. தோளில் தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் தாடையைச் சற்று மேலே தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேற்படாமல் பார்க்க வேண்டும்.
2. இடையிடையே வரும் விக்கல் போன்ற மூச்சு, மூச்சாகாது. அதைக் கண்டு "உயிர் இருக்கு" என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மூச்சு இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.
3. ஆளைக் கட்டிலில் வைக்காமல் கடினமான நிலத்தில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். கிணற்றடி ஈரமாக இருந்தால், மெயின் இறங்கிய பிறகு அங்கேயே தொடங்கலாம்.
4. நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, மேலே மறு கையைக் கோக்க வேண்டும். முழங்கை மடியாமல், உடல் பாரத்தால் 5 முதல் 6 சென்ரிமீற்றர் அமுங்கும்படி அழுத்தி, முழுவதும் எழ விட வேண்டும்.
5. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. விநாடிக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக வரும்.
6. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். மின்சாரம் மூச்சு மையத்தையும் முடக்கக்கூடியதால் இங்கே ஊதலுக்கு மதிப்பு உண்டு. பயிற்சி இல்லாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும்.
7. சிறுவருக்கு ஒரு கையால், நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க அழுத்த வேண்டும்.
8. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது.

விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டாலும் நிறுத்தக் கூடாது. முறிந்த எலும்பு பிறகு பொருந்தும். முகத்தில் தண்ணீர் அடிப்பதும், கைகால் தேய்ப்பதும், வாயில் சோடா ஊற்றுவதும் நேரத்தைத் தின்பவை. மயங்கியவருக்கு ஊற்றும் எதுவும் நுரையீரலுக்கே போகும். மூச்சு இருந்து, நினைவு மட்டும் இல்லையென்றால், ஆளைப் பக்கவாட்டில் சரித்து வைத்துக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து விழுந்திருந்தால் கழுத்தை முறுக்காமல் தலையும் உடலும் ஒன்றாகத் திரும்ப வேண்டும்.

எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்கு யார் போக வேண்டும்

ஒரு விநாடி சுள்ளென்று அடித்து, வேறொன்றும் இல்லாமல் இயல்பாக இருக்கும் வளர்ந்தவர் வீட்டில் இருந்து கவனிக்கலாம். பின்வருவோர் அன்றே போக வேண்டும்: நினைவு தப்பியவர், கை ஒட்டிக்கொண்டு விட முடியாமல் நின்றவர், நெஞ்சு வலியோ படபடப்போ உள்ளவர், எரிகாயம் உள்ளவர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், சிறுவர்கள், கம்பத்து உயர் அழுத்தக் கம்பியில் பட்டவர்கள். அங்கே இதயத்தின் மின்பதிவு எடுத்துப் பார்ப்பார்கள்.

எரிகாயத்தின் வெளித்தோற்றம் ஏமாற்றும். தோலில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு புள்ளி இருக்கும். உள்ளே எலும்பு ஓரத்துத் தசை வெந்திருக்கலாம். நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் என இரண்டு காயம் தேட வேண்டும். கையில் ஒன்று கண்டால் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் குளிரவிட்டுச் சுத்தமான துணியால் மூடலாம். பற்பசை, தேங்காயெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். அடுத்த நாள் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு மணிநேரமும் தாமதிக்கக் கூடாது.

வயரைக் கடித்த குழந்தையின் கதை தனி. உதட்டின் ஓரம் வெள்ளையாக வெந்து, வலியும் அதிகம் இல்லாமல் இருக்கும். பெற்றோர் ஆறிவிட்டது என்று நினைப்பார்கள். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் பொருக்கு உதிரும்போது, உதட்டு நாடி திறந்து இரத்தம் பீறிடக்கூடும். அப்படி நேர்ந்தால், சுத்தமான துணியை வைத்து உதட்டை உள்ளும் வெளியும் இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அறுந்து விழுந்த லைன்

மேலே சொன்ன மரத்தடி, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் வீட்டு 230 வோல்டுக்கு மட்டும். வீதியோரம் போகும் 33,000 வோல்ட், 11,000 வோல்ட் லைன்கள் காய்ந்த மரத்தையும் கடக்கும். நெருங்கினாலே காற்றினூடாகப் பாயும்.

1. குறைந்தது 10 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வீட்டு லைனா பெரிய லைனா என்று தெரியாவிட்டாலும் இதே தூரம்.
2. 1987க்கு அழைத்து, கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைச் சொன்னால் இடம் விரைவில் விளங்கும்.
3. லைன் அருகிலேயே விழுந்துவிட்டால் ஓடக் கூடாது. நிலத்தில் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே மின்னழுத்த வேறுபாடு இருக்கும். பாதங்களை ஒட்டி வைத்து, தூக்காமல், அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியேற வேண்டும்.
4. வாகனத்தின் மேல் விழுந்தால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டும், வாகனத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேரக் குதித்து நகர வேண்டும்.
5. ஆள் பட்டுக் கிடந்தாலும், லைன் நிறுத்தப்பட்டது என்று சபை உறுதி சொல்லும்வரை கிட்டப் போகக் கூடாது. கொடுமையான கட்டளைதான். வேறு வழியில்லை.

வயலில் கரண்ட் வேலி

யானைக்கும் பன்றிக்கும் பயந்து வயலைச் சுற்றி வெறுங்கம்பி இழுத்து, வீட்டு லைனிலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கும் வழக்கம் இலங்கையின் வயற்பிரதேசங்களில் யானைகளையும் மனிதர்களையும் சேர்த்துக் கொல்கிறது. அனுமதிக்கப்பட்ட யானை வேலி வேறு பொருள். அதன் கருவி சில ஆயிரம் வோல்ட் கொண்ட துடிப்பை, விநாடிக்கு ஒன்று போல, விநாடியின் மிகச் சிறிய பங்கு நேரம் மட்டும் அனுப்பும். யானைக்குச் சூடு வைத்தது போல் வலிக்கும். இதயம் நிற்க வேண்டிய நேரம் கிடைக்காது. வீட்டு மின்சாரம் அப்படி இடைவெளி விடுவதில்லை, பிடித்ததை விடாது. விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்து வயல்காரருக்கு அந்தக் கம்பி தெரியவும் மாட்டாது. இத்தகைய வேலி சட்டவிரோதம். யானை செத்தால் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும், மனிதர் செத்தால் அதைவிடப் பெரிய வழக்கு. வேலி வேண்டுமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆலோசனையோடு துடிப்புக் கருவி பொருத்த வேண்டும். வயலில் புதிய கம்பியைக் கண்டவர் தொடாமல் பின்வாங்கி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

வெள்ளம் வரும்போதும் வடிந்த பிறகும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு மகாவலி பெருகியது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களுக்கு வெள்ளம் ஒவ்வொரு மாரியிலும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

1. தண்ணீர் வாசற்படியைத் தொட முன், காய்ந்த இடத்தில் நின்று மெயினை இறக்க வேண்டும். சுவிட்ச்பலகைக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டும் என்றால் விட்டுவிட்டு வெளியேற வேண்டும்.
2. குளிர்சாதனப் பெட்டி, தையல் மெசின், மோட்டர் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றி உயரத்தில் வைக்கலாம்.
3. வடிந்த பிறகு மின்சாரம் வந்துவிட்டது என்று மெயினை ஏற்றக் கூடாது. நனைந்த சொக்கட்டுகளுக்குள் சேறும் உப்பும் இருக்கும். மின்னிணைப்பாளர் வயரிங்கின் காப்பைக் கருவி வைத்து அளந்த பின்பே ஏற்ற வேண்டும்.
4. நனைந்த மோட்டரை வெயிலில் ஒரு நாள் காயவைத்துப் போடுவது பழக்கம். வெளிப்பக்கம் காயும், சுருளுக்குள் ஈரம் நிற்கும். கடைக்குக் கொடுத்து உலர்த்திச் சோதிக்க வேண்டும்.

மின்னல்

இதுவும் மின்னதிர்ச்சிதான். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி கூடும். மின்னல் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் வயலிலிருந்தும் கடலிலிருந்தும் உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். நான்கு பக்கமும் திறந்த வயல் வாடியும் தனித்த மரமும் ஒதுங்கும் இடங்களல்ல. கரைக்கு வர முடியாத தோணியில் தடி, தூண்டில் எல்லாவற்றையும் கீழே வைத்து நடுவில் குனிந்து இருக்க வேண்டும். வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரையும் பிளக்கில் இருக்கும் சாதனத்தையும் தொடாமல் இருப்பது நல்லது.

மின்னல் தாக்கியவரை உடனே தொடலாம், ஆபத்தில்லை. பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால், முனகுபவரும் அசைபவரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடப்பவரிடமே முதலில் போய் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.